மியூல் மானுக்கும் எல்க்குக்கும் ஒரே குண்டு போதுமா?

கேள்வி: நான் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகருக்கு அருகே வசிக்கிறேன். ஐந்து ஆண்டுகளாகத் துப்பாக்கிப் பயிற்சிக் களத்துக்குப் போய் வருகிறேன் என்றாலும், வேட்டைக்குப் போவது இதுவே முதல் முறை. இந்த ஆண்டு இரண்டாவது ரைஃபிள் பருவத்துக்கு ஓர் ஆண் மியூல் மானுக்கும், எல்க் எனப்படும் பெரிய மானினத்தில் ஒரு பெண்ணுக்கும் உரிமச் சீட்டு கிடைத்திருக்கிறது. கையில் இருப்பது .30-06 ரைஃபிள். மானுக்கு 150 கிரெய்ன், எல்க்குக்கு 180 கிரெய்ன் என இரண்டு வகைத் தோட்டா வாங்கும்படி கடையில் சொன்னார்கள். 150 கிரெய்னில் இரண்டு பெட்டி வாங்கியும் விட்டேன். உடன் வேலை செய்யும் நண்பரோ, .30-06 பழங்காலத்துச் சமாச்சாரம், 6.5 கிரீட்மூர் வாங்கிக்கொள் என்கிறார். ஒரே குண்டை வைத்து இரண்டையும் வேட்டையாட முடியாதா? வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இந்த இறைச்சியைச் சாப்பிடப் போகிறார்கள் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

முடியும். உங்கள் சூழ்நிலையில் ஒரே குண்டுதான் நல்லது என்றும் சொல்வேன். அந்த ஒன்றை மானை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எல்க்கின் தோள் எலும்பை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்க்கின் எலும்பை உடைத்து உள்ளே போகும்படி செய்யப்பட்ட குண்டு மானையும் தவறாமல் வீழ்த்தும். மானுக்கென்று மெல்லிய உறையோடு செய்யப்பட்ட குண்டு எல்க்கிடம் தோற்றுப்போகக் கூடும். உங்கள் .30-06 ரைஃபிளுக்கு நான் பரிந்துரைப்பது 165 அல்லது 168 கிரெய்ன் எடையுள்ள, ஈயமே கலக்காத, முழுச் செம்பில் செய்யப்பட்ட விரியும் குண்டு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பித்தளை உறை, அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. விசையை இழுத்தபின் குழலை விட்டு வெளியே பறந்து போவது குண்டு மட்டுமே. சாதாரணக் குண்டு என்பது ஈயமும் அதன்மேல் ஒரு செப்பு உறையும்; குண்டின் உறை என்று நான் சொல்வது இதைத்தான். கடைக்காரர் சொன்ன 150, 180 என்ற எண்கள் அந்தக் குண்டின் எடையை மட்டும் குறிப்பவை. ஒரு கிராமில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான் ஒரு கிரெய்ன். ஆக 180 கிரெய்ன் குண்டு ஒன்றரைப் பவுன் நகையைவிடச் சற்றே எடை குறைந்தது. 165 கிரெய்ன் ஒன்றேகால் பவுனைவிடக் கொஞ்சம் கூடுதல். இவ்வளவு சிறிய ஒரு பொருள் எத்தகைய உடலுக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதுதான் நம்முடைய கேள்வி.

நன்கு வளர்ந்த ஆண் மியூல் மான் பெரும்பாலும் எழுபதிலிருந்து நூறு கிலோ வரை இருக்கும். பெண் எல்க் இருநூறு கிலோவைத் தாண்டும். ஆண் எல்க் முந்நூறு கிலோவையும் தாண்டும். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், புள்ளிமானுக்கும் நன்கு முற்றிய கடமானுக்கும் உள்ள வித்தியாசம் இது. (ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் இவ்விரண்டையும் வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் இங்கே பேசுவது, ஆண்டுதோறும் எண்ணிக்கை வகுத்து உரிமம் வழங்கப்படும் கொலராடோ வேட்டையைப் பற்றி மட்டுமே.) உடல் எடையைவிட முக்கியமானது எலும்பும் தசையும். மானின் விலா எலும்புகளுக்கு நடுவே எந்தக் குண்டும் போய்விடும். எல்க்கின் முன்னங்காலில், கறிக்கடையில் முன்சந்து என்று வெட்டித் தருவார்களே, அந்த இடத்தில் இருக்கும் எலும்பின் மூட்டு ஒரு பெரியவரின் கைமுட்டியைவிடப் பருமனானது. அதன்மேல் கனத்த தசையும் தடித்த தோலும் ஈர மண் அப்பிய முடியும் இருக்கும். இதயமும் நுரையீரலும் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன.

மேற்குக் கொலராடோ மலைகளில் நான் வேட்டை வழிகாட்டியாக வேலை பார்த்த ஆரம்ப ஆண்டுகளில் நடந்த ஒன்று இன்றும் என்னை உறுத்துகிறது. என்னோடு வந்தவரிடம் சக்தி வாய்ந்த .300 மேக்னம் ரைஃபிள் இருந்தது. அதில் அவர் போட்டிருந்தது மானுக்காக வாங்கி வைத்திருந்த 150 கிரெய்ன் குண்டு: மிக வேகமானது, உறை மெல்லியது. எண்பது கஜத்துக்குள், சற்றே எங்கள் பக்கம் திரும்பி நின்ற ஓர் ஆண் எல்க்கை அவர் சுட்டார். குறி தவறவில்லை, தோளில் பட்டதை நானே பார்த்தேன். விலங்கு தடுமாறி, மூன்று காலில் மரங்களுக்குள் ஓடிப் போயிற்று. இருநூறு கஜம் வரை ரத்தத் துளிகள் இருந்தன, பிறகு நின்றுவிட்டன. இருட்டும்வரை தேடினோம். மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன் ஓர் ஓடைக் கரையில் அதைக் கண்டோம். அது உயிரோடிருந்தது. இரண்டாவது குண்டை அங்கே செலவிட்டோம்.

தோலை உரித்தபோது காரணம் தெரிந்தது. குண்டு எலும்பு மூட்டில் பட்டவுடன் பொடிந்திருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஆனால் என் நடுவிரல் முழுதும் போகாத ஆழம்தான். செப்பு உறை, காய்ந்த வாழைப்பூ மடல் போல் சுருண்டு தசையில் செருகியிருந்தது. உள்ளே இருந்த ஈயம் தனியே சிதறி, எலும்புத் தூளோடு சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தது. மார்புக் கூட்டுக்குள் ஒரு துணுக்குகூடப் போகவில்லை. அந்த எல்க் ஓர் இரவு முழுவதும் பட்ட வேதனைக்கு ரைஃபிளும் காரணமில்லை, சுட்டவரின் கையும் காரணமில்லை. மானுக்கான குண்டை எல்க்கின் மேல் சுட அனுமதித்தேனே, அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து என்னோடு வருகிறவர்களின் தோட்டாப் பெட்டியைப் பார்க்காமல் நான் மலையேறுவதில்லை.

இது புதிய பிரச்சினையும் அல்ல. 1946-இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் மிகப் பெரிய மானின் வேட்டைக்குப் போனபோது, சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு மூஸின் தோளில் அவருடைய குண்டுகள் உள்ளே இறங்காமல் உடைந்துபோயின. ஊர் திரும்பிய அவர், நடுவில் ஒரு செப்புச் சுவர் வைத்து ஈயத்தை முன்னறை, பின்னறை என இரண்டாகப் பிரித்த குண்டு ஒன்றை வடிவமைத்தார். முன்பகுதி விரிந்து சிதறினாலும், சுவருக்குப் பின்னால் உள்ள பகுதி குலையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பார்ட்டிஷன் என்ற பெயரில் அது இன்றும் விற்பனையாகிறது. எல்க் வேட்டைக்காரர்கள் பலர் வேறெதையும் தொடுவதில்லை. அதற்குப் பிறகு, ஈயத்தை உறையோடு பிரியாதபடி ஒட்டவைத்த பாண்டட் குண்டுகள் வந்தன. 1980-களின் கடைசியில் பார்ன்ஸ் நிறுவனம் ஈயத்தையே விட்டுவிட்டு, முழுக்கச் செம்பில், நுனியில் மட்டும் குழிவைத்த குண்டைக் கொண்டுவந்தது. இப்போது ஹார்னடி, நாஸ்லர், ஃபெடரல் என்று பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிடமும் அந்த வகை இருக்கிறது.

செப்புக் குண்டு வேலை செய்யும் முறையைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். விலங்கின் உடலில் புகுந்தவுடன் நுனிக் குழிக்குள் ரத்தமும் நீரும் அழுத்தத்தோடு புகுந்து, குண்டின் முன்பகுதியைச் சில இதழ்களாகப் பின்னோக்கி விரிக்கின்றன. விரிந்த பிறகு அதன் அகலம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பிரிந்து போக உள்ளே ஈயம் இல்லாததால், புறப்பட்டபோது இருந்த எடையில் பெரும்பகுதியோடு, பல சமயம் முழு எடையோடும், மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. இதனால்தான் உங்களுக்கு 180 தேவையில்லை என்கிறேன். சாதாரண ஈயக் குண்டில் 180 கிரெய்ன் கேட்பது, வழியில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ உதிர்ந்து போனாலும் மிச்சம் போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதற்காக. உதிராத குண்டுக்கு அந்தக் கைச்சேமிப்பு தேவைப்படுவதில்லை. கடையில் எடையை வைத்துப் பேசியவர்கள் குண்டின் கட்டமைப்பைப் பற்றி உங்களிடம் பேசாதது வருத்தம் தருகிறது. எல்க்குக்கு முன்னால் கட்டமைப்புதான் முதல் கேள்வி, எடை அதற்கு அடுத்ததுதான்.

செப்புக் குண்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது விரிய வேண்டுமானால் வேகம் வேண்டும். நொடிக்கு 1,800 அடி என்பதைப் பல தயாரிப்பாளர்கள் குறைந்தபட்ச வேகமாகச் சொல்கிறார்கள். நான் 2,000 அடிக்குக் கீழே போகும் தூரத்தில் சுட விடுவதில்லை. .30-06-இல் 165 கிரெய்ன் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது நொடிக்கு 2,800 அடி வேகத்தில் போகிறது. 300 கஜத்தைத் தொடும்போது சுமார் 2,200 அடி மிஞ்சியிருக்கும். அப்போது அதன் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையாது. எல்க்குக்கு 1,500 வேண்டும் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஒன்பதாயிரம், பத்தாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வேகம் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். ஆனாலும் முதல் வேட்டைக்குப் போகும் நீங்கள் 300 கஜத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் களத்தில் மேசைமேல் துப்பாக்கியைத் தாங்கிச் சுடுவது வேறு. மூச்சிரைக்க மலையேறி, பனியில் மண்டியிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமல் சுடுவது முற்றிலும் வேறு. என் அனுபவத்தில் பெரும்பாலான எல்க்குகள் இருநூறு கஜத்துக்குள்தான் விழுந்திருக்கின்றன.

உங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் செம்பைச் சொல்வதற்கு அது ஒன்றே போதுமான காரணம். ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் புண்ணைச் சுற்றி வெகுதூரம் பரவுகின்றன. ஒரு சாண் தள்ளி வெட்டி எடுத்த கறியிலும் அவை இருக்கக் கூடும். 2008-இல் வட டகோட்டாவில் ஏழைகளுக்காக வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்த மான் கொத்துக்கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது ஈயத் துகள்கள் தெரிந்தன. அந்தக் கறியை விநியோகிக்க வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறையே அறிவுறுத்தியது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிலைப்பாடு. நாம் காட்டில் விட்டுவிட்டு வரும் குடலையும் கழிவையும் தின்னும் கழுகுகளுக்கும் இதே நஞ்சுதான் போகிறது. கலிஃபோர்னியாவில் காண்டோர் என்னும் பெருங்கழுகைக் காப்பதில் தொடங்கிய முயற்சி, 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடை செய்வதில் வந்து முடிந்தது. கொலராடோவில் அப்படிப்பட்ட தடை இல்லை. ஆனால் சட்டம் சொல்லும்வரை நம் பிள்ளைகளின் தட்டில் ஈயம் விழக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு உறுதியான குண்டு, மானின் மெல்லிய உடலில் விரியாமல் ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதல் தலைமுறைச் செப்புக் குண்டுகளில் அந்தக் குறை சில சமயம் இருக்கவும் செய்தது. இப்போதைய குண்டுகள் பலவற்றின் நுனியில் பாலிமர் முனை வைத்திருப்பதால், வேகம் இருக்கும்வரை அவை நம்பத்தக்கபடி விரிகின்றன. இருந்தாலும் குறிவைக்கும் இடத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளச் சொல்வேன். ஈயக் குண்டுக்காரர்கள் தோளுக்கு நன்றாகப் பின்னால், விலாவை மட்டும் பார்த்துச் சுடுவார்கள்; தோளில் பட்டால் முன்சந்துக் கறி முழுவதும் ரத்தம் கட்டிப் பாழாகும் என்ற பயம் அவர்களுக்கு. செப்புக் குண்டில் அந்தச் சேதம் மிகவும் குறைவு. எனவே மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். தோளின் ஓரத்தைத் தொட்டுப் போகும் குண்டுக்கு விரிவதற்கு வேண்டிய எதிர்ப்பு கிடைக்கிறது. நுரையீரலும் இதயத்தின் மேற்பகுதியும் அதே பாதையில் இருக்கின்றன. எல்க்குக்கும் அதே இடம்தான். இரண்டு விலங்குக்கும் ஒரே குண்டு, ஒரே குறியிடம் என்றிருந்தால், நெஞ்சு படபடக்கும் அந்தக் கணத்தில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று குறைகிறது.

இரண்டு வகைத் தோட்டா வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. ஒரே ரைஃபிளில் 150-உம் 180-உம் ஒரே இடத்தில் போய்ப் படுவதில்லை. நூறு கஜத்திலேயே சில அங்குலம் மேலே கீழே மாறும். சில ரைஃபிள்களில் பக்கவாட்டிலும் விலகும். ரைஃபிள்மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை ஒன்றுக்குத்தான் சரிசெய்து வைக்க முடியும். உங்களிடம் இருப்பது ஒரே பருவத்துக்கான இரண்டு சீட்டுகள். விடியற்காலையில் மானைத் தேடிப் போகும் புல்வெளியில் எல்க் கூட்டம் வந்து நிற்கும். அப்போது இடது பையிலிருந்து எடுப்பதா வலது பையிலிருந்து எடுப்பதா என்று தடவிக்கொண்டிருப்பீர்கள். அல்லது குழலில் இருப்பது எது என்ற நினைவே இல்லாமல் சுடுவீர்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

நண்பர் சொன்ன 6.5 கிரீட்மூர் நல்ல தோட்டா. உதைப்பு குறைவு, துல்லியம் அதிகம். அதற்காக 1906-இலிருந்து எல்க்கை வீழ்த்திவரும் .30-06-ஐ நீங்கள் கைமாற்ற வேண்டியதில்லை. உங்கள் கைக்குப் பழகிய ரைஃபிள், அந்தப் பணத்தில் வாங்கக்கூடிய எந்தப் புதிய ரைஃபிளையும்விட உங்களுக்குப் பயன்படும்.

கொலராடோ விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரைஃபிள் குழலின் உள்விட்டம் .24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டும். மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன், எல்க்குக்கு 85 கிரெய்ன். நூறு கஜத்தில் ஆற்றல் 1,000 அடி-பவுண்டாவது இருக்க வேண்டும். நான் சொன்ன குண்டு இவை எல்லாவற்றையும் தாராளமாகத் தாண்டுகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ராணுவப் பாணியில் முழு உறை போட்ட, விரியாத குண்டை எடுத்துப் போக வேண்டாம். அது சட்டவிரோதம், விலங்குக்கும் கொடுமை. கொலராடோ பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் கையேட்டை ஒருமுறை படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

இந்தக் குண்டோடு வரும் பொறுப்பு ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அது பெரும்பாலும் உடலைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். அக்டோபர் கடைசியில் பெண் எல்க்குகள் கூட்டமாகவே நிற்கும்; ஒன்றின் பின்னால் இன்னொன்று மறைந்திருக்கும். நீங்கள் குறிவைத்ததன் பின்னால் வெறும் மண் தெரியும்வரை விசையைத் தொடாதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு எல்க்குக்கான சீட்டு. சுட்ட பிறகு, எல்க் பல சமயம் எதுவுமே நடக்காதது போல் அப்படியே நிற்கும். புதியவர்கள் குறி தவறிவிட்டது என்று நினைத்துத் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவார்கள். அது இன்னும் தெளிவாகத் தனித்து நின்றுகொண்டிருந்தால் அடுத்த குண்டையும் செலுத்துங்கள். மரங்களுக்குள் போய்விட்டால், அது நின்றிருந்த இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து அடையாளம் கண்டுகொண்டு, அரைமணி நேரம் அசையாமல் உட்காருங்கள். செப்புக் குண்டு பட்ட மான் ஐம்பது, நூறு கஜம் ஓடி விழுவது வழக்கம். உடனே துரத்தினால் அது இன்னும் ஒரு மைல் ஓடும்.

இனி செய்ய வேண்டியது: குழலில் படிந்திருக்கும் பழைய செப்புக் கறையை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் 165 அல்லது 168 கிரெய்ன் செப்புத் தோட்டாவை ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்ததால் இந்தக் குண்டுகள் அதே எடையுள்ள ஈயக் குண்டைவிட நீளமானவை. உங்கள் ரைஃபிளின் குழல் முறுக்கு (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிகளின் சுற்று), .30-06-க்கு வழக்கமான பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் இருந்தால் கவலை இல்லை. நூறு கஜத்தில் மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். எது இரண்டு அங்குலத்துக்குள் சேர்ந்து படுகிறதோ அதுதான் உங்கள் குண்டு. இரண்டுமே சேரவில்லை என்றால், 180 கிரெய்ன் பார்ட்டிஷன் அல்லது பாண்டட் குண்டுக்குப் போகலாம். அப்போது புண்ணைச் சுற்றி ஒரு முழம் தாராளமாக வெட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். புண்ணுக்கு அருகிலிருந்து எடுத்ததைக் கொத்துக்கறியாக ஒருபோதும் அரைக்காதீர்கள். தேர்ந்த குண்டு நூறு கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், இருநூறில் நேராகவும் முந்நூறில் ஏழெட்டு அங்குலம் கீழேயும் படும். அந்த எண்களைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவியை நம்பி எழுதாமல், நீங்களே அந்தத் தூரங்களில் சுட்டுப் பார்த்து, ஒரு சிறு தாளில் எழுதி ரைஃபிளின் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதே தயாரிப்புத் தொகுதி எண் உள்ள தோட்டாக்களில் இன்னும் இரண்டு பெட்டியை அப்போதே வாங்கி வைத்துவிடுவது நல்லது. பருவம் நெருங்கும்போது கடைகளில் இருக்காது.

ஏற்கெனவே வாங்கிய 150 கிரெய்ன் பெட்டிகள் இரண்டும் வீண் அல்ல. இந்தக் கோடையில் பயிற்சிக் களத்துக்குக் கொண்டுபோய், மேசையை விட்டு எழுந்து, மண்டியிட்டும் தரையில் உட்கார்ந்தும் முதுகுப்பைமேல் துப்பாக்கியைத் தாங்கியும் அவற்றைச் சுட்டுப் பழகுங்கள். அவை தீர்ந்த பிறகுதான் ஸ்கோப்பைச் செப்புக் குண்டுக்குச் சரிசெய்ய வேண்டும். அக்டோபரில் மலைக்குப் புறப்படும் நாளில், உங்கள் வண்டியிலோ பையிலோ அந்த 150-இல் ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது.